மகளின் தொப்புளில் நான் போட்ட முடிச்சு

மகளுக்கு இரண்டு மாதம் இருக்கும். அழுதால் தொப்புள் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டு வெளியே வந்தது. அழுகை நின்றால் உள்ளே போய்விடும். நானும் மனைவியும் அவளை அழவே விடாமல் மாறி மாறிச் சுமந்தோம். உதடு பிதுங்கினாலே தறியை விட்டு ஓடி வருவேன்.

காசு வைத்துக் கட்டினால் சரியாகிவிடும் என்று தெருவே சொன்னது. ஒரு ரூபாய்க் காசைக் கழுவி வைத்து, ஜரிகை இல்லாத பட்டுத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து நானே கட்டினேன். முடிச்சும் அறுந்த இழைக்குத் தறியில் போடும் முடிச்சுதான். “இது அவுறவே அவுறாது” என்று மனைவியிடம் பெருமை வேறு.

நான்காம் நாள் குழந்தை வீறிட்டாள். துணிக்கு அடியிலிருந்து நாற்றம் வந்தது. அவிழ்க்கப் பார்த்தேன், என் நகம்தான் பிய்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸம்மா கத்தரியால் வெட்டி எடுத்தார். காசு இருந்த இடத்தில் தோல் வெந்து சிவந்திருந்தது.

“பட்டு நெய்யிற கைதானேபா? புள்ள வயித்த இப்பிடியா இறுக்குவ?”

“நீங்க வந்து சொன்னீங்களா, கட்டாதன்னு?” என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். அன்றைக்கு அது பயம்.

அவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். டாக்டரிடம் காட்டி மருந்து போட்டார். பிறகு என் விரலைப் பிடித்துத் தொப்புள்மேல் வைத்தார்.

“மெத்துனு இருக்குதா? இப்பிடி இருந்தா பயமில்ல. நெறைய புள்ளைங்களுக்கு உள்ள இருக்கிற ஓட்டை தானா மூடிக்கும். கல்லாட்டம் ஆயி, உள்ள போவாம, வாந்தி எடுத்துக்கினு கத்தினா மட்டும் ஒடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடு. மத்தபடி அழுதா அழுவட்டும்பா. அதனால ஓட்டை பெருசாவாது.”

அந்த வார்த்தைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். தினமும் குளிப்பாட்டும்போது தொட்டுப் பார்ப்பேன், மெத்தென்றே இருந்தது. அடுத்த தடுப்பூசிக்குப் போனபோது மன்னிப்புக் கேட்டேன். “அட, முடிச்சுக்காரரா!” என்று சிரித்தார்.

இப்போது மகளுக்கு நான்கு வயது. போன வாரம் தறியில் இழை ஓட்டும் நாடாவை விளையாடத் தரவில்லை என்று தரையில் புரண்டு அழுதாள். சட்டை மேலே ஏறியிருந்தது. குனிந்து பார்த்தேன். எவ்வளவு கத்தியும் தொப்புள் அசையவே இல்லை. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

“நான் அழுவுறேன், நீ சிரிக்கிறியாப்பா?” என்று இன்னும் பலமாகக் கத்தினாள்.

“அழு கண்ணு,” என்றேன். “நல்லா அழு.”