பூஜை போட்ட ஃபோல்டர்

காமயகவுண்டன்பட்டியில் பாண்டீஸ்வரியைத் தெரியாதவர்கள் இல்லை. எம்.சி.ஏ. படித்து, பெங்களூரில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது தேனியில் சங்கரலிங்கத்தின் சின்னக் கம்பெனியில் இருக்கிறாள். திராட்சைத் தோட்டத்து மோட்டாரையும் சொட்டுநீர் வால்வையும் தானாக இயக்கும் பெட்டிகள் செய்கிற கம்பெனி. அந்தப் பெட்டிக்குக் கட்டளை எழுத அவளே ஒரு கணினி மொழியை உருவாக்கி ‘மடை’ என்று பெயரும் வைத்தாள். திற, மூடு என்று தமிழிலேயே எழுதலாம். ஊரில் அவளுக்கிருந்த பேரில் பாதி இந்த மடையால் வந்தது, மீதி அவள் வாயால்.

மடையில் எழுதுவதற்கு, நிரல் எழுதும் எடிட்டரில் எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் இணைப்பு ஒன்று வேண்டும். சொற்களுக்கு நிறம் கொடுப்பது, தப்பைச் சுட்டுவது, எழுதியதைப் பெட்டிக்கு அனுப்புவது எல்லாம் அதன் வேலை. எழுதிய நிரலைக் கட்டி ஓடும் வடிவமாக்குவதை பில்டு என்பார்கள். எக்ஸ்டென்ஷனின் முதல் பில்டை ஆயுதபூஜையன்று நல்ல நேரம் பார்த்து ஓட்டினாள். மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை படைத்து, எண்டர் தட்டினாள். ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. மனசு நிறைந்துபோய், அந்த பில்டு கிடந்த ஃபோல்டரை யாரும் அழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பிறகு செய்த மாற்றங்களையெல்லாம் அதன் மேலேயே போட்டுக்கொண்டு வந்தாள்.

அப்புறம்தான் ஜெஸ்லின் வேலைக்குச் சேர்ந்தாள். போடியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ஜெபமணியின் மகள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் லேப்டாப்பில் பில்டு ஓடவே மாட்டேன் என்றது. எழுதிய வரியைப் பிரித்துப் பொருள் பார்க்கும் பார்சர் கோப்பைக் காணோம் என்று ஒரே சிவப்பு வரி. எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப நிறுவினாள், வெர்ஷனை மாற்றினாள், அசையவில்லை. என் மிஷினில் ஓடுதே என்பதுதான் பாண்டீஸ்வரியின் பதில். அவளுடைய கம்ப்யூட்டரிலும் ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகக் கட்டிப் பார்ப்போமா என்று ஜெஸ்லின் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, பூஜை போட்டதில் கை வைக்காதே என்று வாயை அடைத்துவிட்டாள்.

காமயகவுண்டன்பட்டி விவசாயிகளுக்குப் பெட்டியை இயக்கிக் காட்டும் நாள் வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் பாண்டீஸ்வரிக்குச் சொந்தம். ஏற்கெனவே கட்டிய எக்ஸ்டென்ஷனைக் கொண்டுபோயிருந்ததால் மோட்டார் சொன்னபடி கேட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். அப்போது அவளுடைய மாமா சுருளியாண்டி, பங்குக் கிணற்றில் அண்ணன் தம்பி முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதற்கும் ஒரு கட்டளை உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெருமை விடவில்லை. அவளுடைய கம்ப்யூட்டர் தேனியில் இருந்தது. இப்போதே சேர்த்துத் தருகிறேன் என்று, கூட வந்திருந்த ஜெஸ்லினின் லேப்டாப்பை இழுத்து எழுதி, பில்டு போட்டாள். சிவப்பு வரி வந்தது. திரும்பத் திரும்பப் போட்டாள், அதே வரி. கூட்டம் மெல்லக் கலைய ஆரம்பித்தது.

“சரித்தா, பெட்டி கெடக்கட்டும். காப்பியக் குடி” என்றார் மாமா.

அந்தப் பரிவை அவளால் தாங்க முடியவில்லை. இந்தப் பெண் லேப்டாப்பை ஒழுங்காக வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். ஜெஸ்லின் தலை குனிந்து ஒயர்களைச் சுருட்டினாள். முதலாளியிடமும் பாண்டீஸ்வரி அதையே, இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னாள். சங்கரலிங்கம் ஜெஸ்லினை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

இனிமேல் இப்படி மானம் போகக் கூடாது என்று அவர் பாண்டீஸ்வரிக்கே புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். நிரலையெல்லாம் இறக்கி, பில்டு போட்டாள். அதே சிவப்பு வரி.

முதலில் எரிச்சல் வந்தது. பிறகு பழைய ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். அந்தப் பார்சர் கோப்பைப் பூஜையன்று அவள் கையால் ஒரு கட்டளை தட்டி உண்டாக்கியிருந்தாள். அந்தக் கட்டளையை பில்டில் சேர்க்கவே இல்லை. எல்லோரும் நிரலை இறக்கிக்கொள்ளும் பொது இடத்தில் அந்தக் கோப்பை ஏற்றவும் இல்லை. அது அவளுடைய பழைய ஃபோல்டரில் மட்டும் கிடந்தது. ஒருமுறை அழித்துக் கட்டியிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். அவளுக்குக் கூசிப்போயிற்று. எழுந்து போய் முதலாளியிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. நீயே போய் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுட்டு வாம்மா என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

போடிக் கடையில் ஜெஸ்லின் பெயின்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெபமணி ஸ்டூலைப் போட்டு, டீ சொல்லிவிட்டார். தப்பு தன்னுடையதுதான் என்று பாண்டீஸ்வரி ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

“தெரியும்க்கா. ஒங்க மிஷின்ல அந்தக் கோப்போட தேதியப் பாத்தேன். ஆயுதபூசைத் தேதி.”

“அப்பவே சொல்லிருக்கலாம்ல?”

“அழிச்சுப் பாப்பமான்னு கேட்டேன்லக்கா. பூசையப் பத்தி ஒனக்கு எங்கன தெரியப்போகுதுன்னு சொன்னீக. சர்ச்சுக்குப் போறவ அதுக்கு மேல என்ன பேசுவா?”

அப்படிச் சொன்னது பாண்டீஸ்வரிக்கு நினைவில்கூட இல்லை. போகிற போக்கில் சொல்லியிருப்பாள். பில்டுக்கு மன்னிப்புக் கேட்க வந்தவள் இதற்குக் கேட்கவில்லை. சார் திரும்பக் கூப்பிடுகிறார், வா என்று மட்டும் முணுமுணுத்தாள்.

ஜெஸ்லின் அடுக்கி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். “வாரேன்க்கா. எனக்கு வேலை வேணும். ஆனா ஒங்க பக்கத்துல உக்கார மாட்டேன். சார்கிட்ட நீங்களே சொல்லிருங்க.”

பாண்டீஸ்வரி சரி என்றாள். படியிறங்கும்போது, டீயைக் குடிக்காமலே போறீகளேம்மா என்று ஜெபமணி கேட்டார்.