பதினேழு மஞ்சள் காலடிகள்

என் வீட்டுக்காரருக்குப் புல் வேலை. கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினெட்டு வருடமாகப் புல் வெட்டி, தண்ணீர் பாய்ச்சி, மருந்தடித்துக் காப்பாற்றி வருகிறார். வீட்டிலிருக்கும் ஒரே தொட்டிச் செடிக்கு மட்டும் நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அந்த மைதானத்தில் இரண்டு வகைப் புல். பந்தை ஓங்கி அடித்து விரட்டுகிற நீளத் தரையில் முரட்டுப் புல். பந்தை மெல்ல உருட்டிக் குழியில் தள்ளுகிற வட்டத்தில் கம்பளம் மாதிரிப் பொடிப் புல். வட்டத்தில் ஏறுவதற்கு முன் காலணியைக் கழற்றித் தட்டிவிட்டுத்தான் ஏறுவார். வீட்டுக்குள் வரும்போது அந்த மரியாதை கிடையாது.

இந்த வருடம் நீளத் தரையில் களைப்புல் திட்டுத் திட்டாகக் கிளம்பியது. பிடுங்கினால் மறுபடி வந்தது. கடைசியில் மருந்தடிக்கப் போவதாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“களையும் புல்லு, நம்மதும் புல்லு. மருந்துக்கு எப்படிங்க ஆள் அடையாளம் தெரியும்?”

“மருந்து ரெண்டுக்குள்ளயும்தான் போகும். முரட்டுப் புல்லு அதைச் செரிச்சிடும். களைக்குச் செரிக்காது.”

“அப்போ உங்க பொடிப் புல்லு?”

“அதுக்கும் செரிக்காது. அதனாலதான் அந்தப் பக்கமே கொண்டு போக மாட்டேன்.”

புரிந்த மாதிரித் தலையாட்டி வைத்தேன்.

மருந்தடித்த அன்று சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார். எடுத்துக்கொண்டு போனேன். வாசல் காவலாளி என்னைத் தெரிந்தவர், உள்ளே விட்டார். நீளத் தரையைச் சுற்றிக் கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தது. புல் ஈரமாக மின்னியது. இவருடைய கொட்டகை வட்டத்துக்கு அந்தப் பக்கம். சுற்றிப் போனால் கால் மணி நேரம், உச்சி வெயில். கயிறு மாட்டைக் கட்டத்தானே, மனுஷிக்கு என்ன என்று தூக்கிவிட்டுக் குறுக்கே நடந்தேன். அவர் கொட்டகைக்குப் பின்னால் மருந்துத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் வீட்டுத் தரையில் நீலக் கறை, படம் வரைகிற மகளைத் திட்டித் தீர்த்தேன்.

பத்து நாள் கழித்துக் களை பழுத்தது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார். அதே வாரம் வட்டத்தின் குறுக்கே பதினேழு காலடிகள் மஞ்சளாகத் தெரிந்தன. ஏதோ பேய் நடந்து போன மாதிரி, புல் மட்டும் பாத வடிவில் செத்திருந்தது. மூன்று வாரத்தில் போட்டி. கிளப் செயலாளர் இவரைக் கூப்பிட்டு, அதற்குள் வட்டம் சரியாகாவிட்டால் வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில், புல்லைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர் எங்கே போவார்?

யார் வேலை இது? எனக்குத் தலை வெடித்தது. இவருக்கு விரோதி என்று யாரும் கிடையாது. விரோதம் வரவேண்டுமென்றால் நாலு வார்த்தையாவது பேச வேண்டுமே. செயலாளர் மேலேயே சந்தேகப்பட்டேன். துருவித் துருவிக் கேட்டதில், “என் பூட்ஸ்தான். கழுவாம ஏறிட்டேன்” என்றார். செயலாளரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார். காலணியைத் தட்டாமல் வட்டத்தில் ஏறாத மனிதரா? நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. பதினெட்டு வருடமாக என்னத்தைக் கிழித்தீர்கள் என்று நன்றாகக் கேட்டுவிட்டேன். ரசம் ஊற்றச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை என் செருப்பைக் கழுவப் போன மகள் அதைக் கவிழ்த்துக் காட்டினாள். அடிப்பள்ளத்திலெல்லாம் நீலம்.

“பாத்தியாம்மா? தரையில நீலம் இருந்துச்சுன்னு அன்னைக்கு என்னைத் திட்டுனியே. அது என் பெயிண்ட் இல்ல.”

செருப்பைத் தூக்கிக்கொண்டு போய், மருந்தில் கலர் ஏதாவது உண்டா என்று இவரிடம் கேட்டேன். எங்கே அடித்தோம் என்று தெரிய நீலம் கலப்போம் என்றார். செருப்பைப் பார்த்தார். பிறகு பேப்பரைப் பார்த்தார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“இடது கால் வெளிய திரும்பியிருந்துச்சு. வேற யாரு அப்படி நடக்குறா?”

மாடிப்படியில் விழுந்ததிலிருந்து என் இடது கால் அப்படித்தான் கோணும். ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் புல் எழுந்திருக்குமா என்றார். என்னைக் காப்பாற்றினாரா, பெண்டாட்டியே கயிற்றைத் தாண்டினாள் என்று சொல்ல வெட்கமா? எதுவென்று இன்றுவரை பிடிபடவில்லை.

மறுநாள் அதே செருப்போடு செயலாளரை வட்டத்துக்கு அழைத்துப் போனேன். மஞ்சள் காலடியில் என் காலை வைத்தேன். அச்சு மாதிரிப் பொருந்தியது. அவர் என் காலையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கயிறு கட்டலையா அவரு?”

“கட்டினாரு. சிவப்புத் துணியும் போட்டாரு. நான்தான் தூக்கிட்டு வந்தேன்.”

வெளியாளை உள்ளே விட்டது யார் தப்பு என்றார். காவலாளியை வைத்தது நீங்கள், என் வீட்டுக்காரர் இல்லை என்றேன். போட்டி வரை பார்க்கலாம் என்றார்.

கொட்டகைக்குப் பின்னால் இவர் அதே பொடிப் புல்லைப் பாத்தி கட்டி வளர்த்து வைத்திருக்கிறார், எனக்கே அப்போதுதான் தெரியும். குழி போடும் உருளைக் கருவியால் செத்த புல்லை மண்ணோடு வட்டமாகத் தோண்டி எடுத்து, அந்த இடத்தில் பாத்தியிலிருந்து எடுத்த பச்சையை வைத்து அமுக்கினார். ஒரு காலடிக்கு மூன்று துண்டு. நான் கூடை பிடித்தேன். காலணியைத் தட்டச் சொன்னார். தட்டினேன்.

போட்டியன்று பந்து என் காலடிகள் மேலேயே உருண்டு குழியில் விழுந்தது. செயலாளர் கை தட்டினார். வேலை தங்கியது.

ஆனால் ஓரத்தில், பந்து போகாத இடத்தில், பதினேழாவது காலடியை மட்டும் இவர் மாற்றவில்லை. எத்தனை நாளில் தானாகப் பச்சையாகிறது என்று பார்க்கப்போகிறாராம். அதைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறும் கட்டியிருக்கிறார். ஆராய்ச்சியா, எனக்குக் குத்தலா, வேறு ஏதாவதா என்று கேட்டேன்.

“மிதிச்சிடாத” என்றார்.