‘மூன்று’ என்று நான் எழுதிய படிவம்

1. கட்டை டெஸ்ட்

யுத்த காலம். வேலை தேடி, கொழும்பு வெள்ளவத்தையில் டைப்பிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை கிடைத்தது. ஆய்வை நடத்திய சேர் ஹெவ்லொக் டவுனில் இருந்தார். முதல் நாளே சொல்லிவிட்டார்.

“கெட்டிக்காரப் பொம்பிளையள் குறைவாப் பெறுகினமோ எண்டு பாக்கிறம். தாய்க்குக் கட்டை டெஸ்ட். பிறகு அவ பெத்தது எத்தினை, அவவின்ர தாய் பெத்தது எத்தினை. வேற கதை கதைக்காதையும், பிள்ளை.”

கதைக்காவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். கட்டை டெஸ்ட் என்பது நிறம் பூசிய கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்குவது. நான் ஸ்டொப்வொச்சைப் பிடித்திருப்பேன்.

கொட்டாஞ்சேனையில், மலையகத்திலிருந்து வந்து வீட்டு வேலை செய்த ஓர் அம்மா. நேரம் முடிந்தபோது பாதிக் கட்டைதான் அடுக்கியிருந்தார்.

“புள்ளைங்கள எண்ணக் கூடாதும்பாங்க, எண்ணுனா கொறையுமாம். நீங்க கேக்குறீங்க, சொல்றேன். ஆறு.”

ஆறு பேரையும் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தியும் காட்டினார். அந்தப் பேச்சை அன்றைக்கு ரசித்துக் கொப்பியில் எழுதி வைத்தேன்.

2. தவமணி அக்கா

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருந்தவர். முன்பு கணக்கு ரீச்சர். கட்டைகளை அடுக்கி முடித்துவிட்டு என் வொச்சை எட்டிப் பார்த்தார். அவ்வளவு கெதியாக வேறு யாரும் முடித்ததில்லை.

“எத்தினை பிள்ளையள், அக்கா?”

“ரெண்டு பெட்டையள்.”

உள்ளறையில் ஓர் ஆண் இருமல் கேட்டது. அவர் அசையவில்லை.

“அக்கா, இது பொலிஸ் வேலை இல்லை. படிப்பு வேலை. வெளியில போகாது.”

எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்.

“மூத்தவன் பெடியன். பத்தொன்பது வயசு. போன மாசம்தான் யாழ்ப்பாணத்திலயிருந்து வந்தவன். பதிஞ்சால் சந்தேகத்தில பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு பொலிசுக்குக் குடுத்த லிஸ்டில நானும் பெட்டையளும் மட்டும்தான். வாடகைக்குத் தந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. உம்மட்டைச் சொன்னது உம்மோட நிக்கட்டும், பிள்ளை.”

வெளியே வந்து ‘மூன்று’ என்று எழுதினேன். படிவத்தில் பொய் எழுதமாட்டேன் என்ற பெருமை எனக்கு.

3. ரீ-செக்

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நிரப்பிய படிவங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு வேறோர் ஆள் மறுபடியும் போய்ச் சரிபார்ப்பார். தவமணி அக்காவின் படிவமும் அதற்குள் அகப்பட்டது. போனவர் வேலைக்குப் புதியவர். வாசலில் நின்ற வீட்டுக்காரருக்கு முன்னாலேயே, “மூண்டு பிள்ளையள் எண்டு கிடக்கு, மற்றப் பிள்ளை எங்கை?” என்று கேட்டுவிட்டார்.

வீட்டுக்காரர் கெட்டவர் அல்ல, பயந்தவர். அந்த லிஸ்டில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. “இண்டைக்கே வெளிக்கிடுங்கோ. நானும் பிள்ளைகுட்டிக்காரன்” என்றாராம். தாயும் பிள்ளைகளும் ஒரு லொட்ஜுக்குப் போனார்கள். நாலாம் நாள் அங்கே பொலிஸ் சுற்றிவளைப்பு. பெடியனை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று தாய்க்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

சில மாதங்கள் கழித்து வெள்ளவத்தை மார்க்கெட்டில் தவமணி அக்காவைக் கண்டேன். வாயாடியான நான் வாய் திறக்குமுன் அவரே கேட்டார்.

“அந்தப் பேப்பர் இன்னும் இருக்கோ?”

“ஓம், அக்கா.”

“அப்ப திருத்தும். ரெண்டு எண்டு எழுதும்.”

மரக்கறிப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் திருத்தவில்லை. அவன் கொழும்பில் இருந்தான் என்று சொல்ல அந்த ஒரு கடதாசிதான் இருந்தது.

முடிவில் சேர் வரைந்து காட்டிய கோடு, தாய் கட்டை டெஸ்டில் எடுத்த புள்ளி கூடக் கூடக் கீழே இறங்கியது. கெட்டிக்காரத் தாய்க்குப் பிள்ளை குறைவாம். அந்தக் கோட்டுக்குப் பின்னால் எத்தனை உள்ளறைகள் பூட்டிக் கிடந்தனவோ, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தாய் முதலில் சொல்கிற எண்ணை அப்படியே எழுதுங்கள். உள்ளே இருமல் கேட்டாலும்.