கயிற்றுப் பாலத்தில் அம்மா

மகள் சேர்ந்திருக்கும் சாரணியர் குழுவின் பெற்றோர் கூட்டத்தில், மேசைமேல் கிடந்த தேங்காய்நார்க் கயிற்றின் வாசனை என்னை அம்பத்தூரில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். அன்று இரண்டு வேப்பமரங்களும், தொழிற்பேட்டைப் பட்டறைகளின் ஓயாத தட்டல் சத்தமும், சனிக்கிழமைதோறும் அந்த மரங்களுக்கிடையே பள்ளிச் சாரணியராக நாங்கள் கட்டி அவிழ்க்கும் கயிற்றுப் பாலமும் இருந்தன.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை முகாமுக்கு என்னை அனுப்பவே மாட்டேன் என்றிருந்த அம்மா, பெற்றோரை அழைத்துக் காட்டும் நாளன்று வந்து, பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதும் மேலயா நடக்குதுங்க? வுழுந்தா இன்னா டீச்சர் ஆவும்?”

“பிடிக்கக் கீழ பொண்ணுங்க நிப்பாங்கம்மா. நீங்களே ஏறிப் பாருங்களேன்,” என்றார் குழுவை நடத்திய டீச்சர்.

அம்மா செருப்பைக் கழற்றினாள், புடவையைத் தூக்கிச் செருகினாள். பாதி வழியில் கயிறு ஆட, அப்படியே நின்று, கீழே கைகளை நீட்டிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து எதிர் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கியதும் மூச்சு வாங்கியபடியே சொன்னாள்: “இவ ஏரிக்கு வரட்டும் டீச்சர். எங்கள மாதிரி அம்மாங்கள எப்போ இட்டுகினு போவீங்க?”