பத்தியக் கஞ்சியை வென்ற கதை

குடலில் ஆபரேஷன் முடிந்து தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுக்குத் திரும்பியதும் என் மாமியார் சட்டம் போட்டுவிட்டார். முட்டை கூடாது, மீன் கூடாது, கோழி வாசமே ஆகாது. தொட்டால் தையல் சீழ் பிடிக்குமாம். மூன்று வேளையும் தண்ணீராய் ஓடும் அரிசிக் கஞ்சி. எனக்கோ சாப்பாட்டு ஆசை அதிகம். கோபம் அதைவிட அதிகம்.

"சும்மாதானே படுத்திருக்கே, வேலைக்கா போறே? இது போதும்லா," என்பார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் அம்மா அவருக்குச் செய்ததைத்தான் எனக்கும் செய்தார்.

நான் இளைத்துக்கொண்டே போனேன். குளியலறைக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, நான் தூங்குகிறேன் என்று நினைத்து, "இனிமே இவ எங்க மலை ஏறப் போறா," என்றாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நடக்காவிட்டால் நான் எதற்கு ஆவேன்?

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் காயத்தைப் பார்த்த நர்ஸ் மிஸ்ஸி, நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒங்க ஒடம்பு சும்மா இல்லம்மா, இப்பதான் அதிகமா வேல செய்யுது. வெட்டுன எடம் சேரணும்ல? முட்ட, மீன், பருப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்பிடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்," என்று மாமியார் கஞ்சிச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். எனக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாளெல்லாம் இதே எஸ்டேட்டில் வேலை செய்த மனுஷி அவர்.

"அத்தே, கவாத்து வெட்டுன தேயிலச் செடி சும்மாதானே நிக்குது? கொழுந்தா குடுக்குது? அதுக்கு எதுக்கு உரம்?"

"ஒரம் போடாட்டி எப்படிடி மறுபடி துளிர்க்கும்?" என்றவர், அகப்பையும் கையுமாக அப்படியே நின்றார்.

பிறகு கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்தார். சற்று நேரத்தில் முட்டை பொரியும் சத்தம் கேட்டது. அந்த முட்டையை நான் சாப்பிட்டேன் என்பதைவிட விழுங்கினேன் என்பதே சரி. அந்த வாரமே என் கணவர் பிரிஞ்சாங் சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்தார். குழம்பை வைத்தது மாமியார்தான்.

காயம் ஆறியது. கன்னத்தில் சதை வந்தது. டாக்டர் சரி என்றதும் மலை ஏறினேன், உச்சிவரை!

சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரியின் கணவருக்கு ஆபரேஷன். சாயங்காலம் வேலை முடிந்து இறங்கி வருகிறேன், அவள் வாசலில் மாமியாரின் குரல் கணீரென்று கேட்டது.

"கஞ்சிய ஊத்தி ஆள சாகடிக்காதடி. கவாத்து வெட்டுன செடிக்கு ஒரம் வேணாமா? மீன ஆக்கிக் குடு. அந்தா பாரு, என் மருமக மலையிலேருந்து வர்றா!"