ஆயில் விளக்கின் மேல் ஒட்டிய டேப்

கல்மண்டபத்தில் சவாரியை இறக்கிவிட்டு டீயை வாயில் வைத்தேன், போன் வந்தது. தாசின் மெக்கானிக் பட்டறைக்குப் பக்கத்து டயர் கடைக்காரர். "கனி, நம்ம தாசை லாரி அட்ச்சிடுச்சுடா. எண்ணூர் ரோட்ல. பூட்டான்டா."

டம்ளரை எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியாது. போய்ச் சேர்ந்தபோது தாஸ் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தான். பத்தடி தள்ளி, கன்டெய்னர் லாரி டிரைவரைக் கீழே போட்டு நாலைந்து பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் டிக்கியைத் திறந்து, ஜாக்கி திருகும் இரும்பு ராடை எடுத்தேன். கொல்லத்தான் எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அந்த ராடைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். தாசின் இடது கை மோதிர விரல் கோணலாக இருக்குமே, திருவொற்றியூரில் அதைப் பார்க்காதவர் யார்? இன்ஜின் விழுந்து நசுங்கியது என்று பதினோரு வருஷமாக எல்லோரிடமும் சொன்னான். பச்சைப் பொய். அதை உடைத்தது இந்த ராடு. அடித்தவன் நான்.

அப்போது என் டாக்ஸி இன்ஜின் கடகடவென்று தட்ட ஆரம்பித்திருந்தது. உள்ளே கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்துவிட்டது என்று தாஸ் புதுசு போட்டான். ஆயில் இல்லாவிட்டால் உரிந்துபோகும் அரைவட்டத் தகடுகள்தான்; அந்தப் பளபளப்பில் விரல் படாமல், விளிம்பைப் பிடித்தே ஒவ்வொன்றாக உட்காரவைத்தான். சாவியைக் கொடுக்கும்போது, "ஆயில் லைட்டு சேப்பா எரிஞ்சா அங்கயே ஆஃப் பண்ணிடு மாமு. எவன் சொன்னாலும் ஓட்டாத" என்றான்.

நாலாம் நாள் அத்திப்பட்டு தாண்டி வண்டி மறுபடி தட்டியது, பிறகு நின்றே போனது. கட்டியிழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். அங்கே தாஸ் மட்டும்தான் இருந்தான். எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது. அவன் "இன்னா ஆச்சு?" என்று கேட்பதற்குள் ராடை ஓங்கிவிட்டேன். தலைக்குத்தான் ஓங்கினேன், அவன் கையை வைத்துத் தடுத்தான். எலும்பு முறிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "இன்ஜின் வுழுந்துச்சு" என்றான். வெளியே வந்து என்னிடம், "உன்ன உள்ள தள்ளுனா வெரலு நேராயிடுமா? மொதல்ல வண்டிய தொறந்து பாரு. அப்பால அடி" என்றான்.

மறுநாள் மாவுக்கட்டுக் கையோடு வண்டிக்கு அடியில் படுத்தான். ஆயில் தொட்டியில் கல் இடித்து விரிசல், ஒரு சொட்டு ஆயில் இல்லை. கழற்றிய புது பேரிங் நாலே நாளில் உரிந்து செம்பு தெரிந்தது. எழுந்து வந்து சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டில் ஓர் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். கருப்பு டேப் உரிந்து வந்தது, அடியில் அந்த ஆயில் லைட்டு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பழைய பேரிங் காலத்தில் அது மினுக்கும்போதெல்லாம் சவாரிக்காரர்கள் பயந்தார்கள் என்று நான்தான் ஒட்டினேன். ஒட்டியதையே மறந்துபோனேன். பாவி!

"இத நானும் பாக்காம வுட்டேனே மாமு" என்றான் தாஸ். என்னை அவன் திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். டேப்பை என் சட்டைப் பையில் ஒட்டிவிட்டு, மறுபடி புது பேரிங் போட ஆரம்பித்தான்.

எண்ணூர் ரோட்டில் ராடை ஓங்கி நின்றபோது காதில் விழுந்தது, 'மொதல்ல தொறந்து பாரு, அப்பால அடி' என்ற அந்தக் குரல்தான். ராடைக் கீழே போட்டேன். டிரைவர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். "இன்னா நடந்துச்சுன்னு மொதல்ல பாருங்கடா!" என்று கத்தினேன். என் முதுகிலும் நாலு மிதி விழுந்தது. போலீஸ் வரும்வரை நான் எழுந்திருக்கவில்லை. தப்பு யார்மேல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடக்கத்தன்று ஜெபமாலை சுற்றிய கையில் அந்த விரல் மட்டும் மடங்காமல் நின்றது. ஸ்டெல்லா அண்ணி, நீங்கள் உங்கள் புருஷனின் அந்த விரலைத் தடவிக்கொண்டே, "இதும்மேல இன்ஜின் வுழுந்தப்பகூட மன்ஷன் அழலியே" என்று என்னைப் பார்த்துக் கதறினீர்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

தாசிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த டேப் துண்டும் அந்த ஒரு பேச்சும்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஜாக்கி ராடோடு உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன், அண்ணி. திறந்து காட்டிவிட்டேன். இனி அடியுங்கள்.