தகரத்துக்கு இந்தப் பக்கம் கேட்ட கச்சேரி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, மாதனூர் நிறுத்தத்தில் நானும் பரிமளா அக்காவும் ஆம்பூர் பஸ்ஸுக்காக நின்றோம். வாரத்தில் ஆறு நாளும் கம்பெனி பஸ்ஸுக்காக நாங்கள் நிற்கிற அதே இடம். அக்கா புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையும் தொங்கியது.

"இன்னாக்கா, பாட்டு கேக்கப் போறியா, ஓவர்டைம் பாக்கப் போறியா?"

"இன்னாடா?"

அவளுடைய வலது பக்கமாகச் சுற்றி வந்து மறுபடி கேட்டேன். கேலியை இரண்டு தடவை சொன்னால் பாதி ருசி போய்விடும். அக்காவிடம் நான் எல்லாக் கேலியையும் இரண்டு தடவைதான் சொல்கிறேன்.

"அய்ய, கை தானா எடுத்து மாட்டிக்கிச்சுடா" என்று சிரித்துவிட்டு அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவு. நான் அதே கம்பெனியில் பேக்கிங். ஷூவைப் பெட்டியில் போட்டு மூடுவேன். பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவனுக்கு அது ஜாஸ்தி. அக்காவுக்கு சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டது. இப்போது வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. வேலூர் டாக்டர் நரம்பு என்றார். மிஷின் வைத்தால் பேச்சு கேட்கும், பாட்டு பாட்டாகக் கேட்குமா என்று சொல்ல முடியாது என்றார். ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "டேய், அவரு பாடறத ஒரு தடவ நேர்ல கேக்கணும்டா."

அவர் யார் என்று எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப் பேர் உன் ஆளை விட என் ஆள் பெரியவன் என்று சண்டைக்கு வருவீர்கள். அவர் பாடிய ஒரு பாட்டு எங்கள் கம்பெனி பஸ்ஸில் தினமும் ஓடும். குரல் வருவதற்கு முன்னால் மெதுவாக மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு இரண்டு தட்டு வரும். ஜன்னல் சீட்டில் இருக்கிற அக்கா அந்த அடி விழுந்ததும் வலது காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிக்கொள்வாள். முதல் வரி வரும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.

டிக்கெட் வாங்கின கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். விற்பனை திறப்பது வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. எங்கள் கம்பெனியில் காலையில் உள்ளே போகும்போதே கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். செக்யூரிட்டி அம்மா ஒரு தட்டை நீட்டுவார், நாம் போனை வைப்போம், ஒரு டோக்கன் தருவார், சாயங்காலம் டோக்கனைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே டிக்கெட் வேண்டும் என்றால் அன்றைக்கு உங்களுக்கு வயிறு சரியில்லாமல் இருக்க வேண்டும். எனக்கு இருந்தது.

என் போன் திரையில் விரிசல், பாதி எழுத்து தெரியாது. அதனால் அக்கா போனை வாங்கி வைத்துக்கொண்டு அதில்தான் புக் பண்ணினேன். உங்களுக்கு முன்னால் இத்தனை ஆயிரம் பேர் என்று திரை பயமுறுத்தும். பதறி அடித்து மூடித் திறக்காதீர்கள், மறுபடி கடைசி ஆளாகிவிடுவீர்கள். ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய். அதற்கு மேல் வசதிக் கட்டணம் என்று ஒன்று உண்டு. யாருடைய வசதி என்று மட்டும் போடவில்லை.

இடம் எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேடைக்கு நேராக எல்லாரும் எடுப்பார்கள். நான் மேடையைப் பார்த்து இடது கைப் பக்கம் ஓரமாக எடுத்தேன். அங்கே இருந்தால் அக்காவின் வலது காது மேடையைப் பார்த்து இருக்கும். இந்த ஒரு கணக்கில் மட்டும் நான் நூற்றுக்கு நூறு.

பத்து மணிக்கு ஆம்பூரில் ரயில். சென்னை நூற்றெண்பது கிலோமீட்டர் சொச்சம், முன்பதிவில்லாப் பெட்டியில் எண்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். எதிரே வாணியம்பாடியில் ஏறிய ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். தோல் வியாபாரம், மடியில் மாதிரித் துண்டுகள் வைத்த பை. காது கேட்காதவர்கள் சத்தமாகப் பேசுவார்கள். அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னது எல்லாம் அந்தப் பெட்டிக்கே செய்தியாகப் போயிற்று.

"கச்சேரிக்காம்மா?" என்றார் பாய்.

"ஆமா பாய். டிக்கெட்டு இவன் தான் எடுத்தான். அதுக்கு வயித்தப்போக்குன்னு லீவு சொன்னான்!"

பெட்டி முழுக்கச் சிரித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே குடியாத்தம் மலையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"எந்தப் பாட்டும்மா உனக்கு இஷ்டம்?"

 ஜன்னல் கட்டையில் விரலால் மூன்று தட்டினாள். நிறுத்தினாள். இரண்டு தட்டினாள்.

"அட, அதுவா! எம் பொண்ணு நிக்காஹ்ல வீடியோகாரன் அதத்தான் போட்டான்" என்றார் பாய். பிறகு அவள் காதைத் திருப்பித் திருப்பிக் கேட்பதைக் கவனித்துவிட்டு, "காது இருக்கறப்பவே கேட்டுக்கம்மா" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அரக்கோணத்தில் வடை வாங்கி எங்கள் இருவருக்கும் கொடுத்து, சென்னை வரைக்கும் என்னையே கிண்டல் பண்ணிக்கொண்டு வந்தார்.

ஒன்றேகால் மணிக்கு சென்ட்ரல். அங்கிருந்து பூங்கா நிலையத்துக்கு நடந்துபோய் மின்சார ரயிலில் தாம்பரம், பத்து ரூபாய். மைதானம் அதற்கும் அந்தப் பக்கம். தாம்பரத்தில் ஆட்டோக்காரர் அறுநூறு கேட்டார்.

"அறுநூறா? அண்ணே, கச்சேரியில நீங்களும் பாடறீங்களா?"

"பாடறவருக்கு கோடி தம்பி. எனக்கு அறுநூறு. கம்மி தானே?"

ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு முப்பதுக்குப் போனோம். கடைசி ஒரு கிலோமீட்டர் நடை. அங்கே போனால் கூட்டத்தைப் பார்த்து மலைக்காதீர்கள், உடனே வரிசையில் சேர்ந்துவிடுங்கள். ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை. இருவரும் பிரிந்துதான் போயாக வேண்டும். டிக்கெட் யார் கையில் இருக்கிறது என்பதைப் பிரிவதற்கு முன்னால் பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

என் வரிசை சீக்கிரம் நகர்ந்தது. பையைத் துழாவி, இடுப்பைத் தடவி, உள்ளே விட்டார்கள். அடுத்த வாசல் தூரத்தில் தெரிந்தது, அங்கேதான் போனில் இருக்கும் டிக்கெட்டை மிஷினில் காட்ட வேண்டும். நான் அக்காவுக்காக ஒரு கம்பத்தடியில் காத்திருந்தேன். வெகு நேரம் கழித்து வந்தாள். பூவெல்லாம் நசுங்கியிருந்தது, முகம் மட்டும் அப்படியே பூரித்துக் கிடந்தது.

"போன குடுக்கா, டிக்கெட்ட தெறந்து வெப்போம்."

"குடுத்துட்டனே."

"யாருகிட்ட?"

"செக்யூரிட்டிகிட்ட. தட்ட நீட்டுனாங்க, வெச்சேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையை விரித்து ஒரு சின்ன டோக்கனைக் காட்டினாள். பத்திரமாக வைத்திருந்ததைப் பெருமையாகக் காட்டினாள்.

தண்ணீர் பாட்டிலையும் ஹெல்மெட்டையும் வாங்கி வைக்கிற மேஜை அது. காக்கிச் சட்டையும் தட்டும் கண்ணில் பட்டதும் அக்காவின் கை தானாகப் போயிருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக தினமும் காலையில் செய்கிற வேலை. அந்தத் தள்ளுமுள்ளில் மேஜையில் இருந்த செக்யூரிட்டிப் பெண்ணும் எதையும் பார்க்காமல் வாங்கிச் சாக்குப்பையில் போட்டிருக்கிறாள்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "சூப்பர்க்கா. சாயங்காலம் பஞ்ச் அடிச்சிட்டு வாங்கிக்கலாம்" என்றேன். அவளும் சிரித்தாள். பிறகு நான் சிரிப்பை நிறுத்தியதைப் பார்த்து அவளும் நிறுத்தினாள்.

"டேய்... டிக்கெட்டு அதுல தான இருக்குது?"

என் போனில் திறக்கலாமா என்று பார்த்தேன். ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றது. அனுப்பினார்கள், சாக்குப்பைக்குள் இருக்கிற போனுக்கு. திரும்ப அந்த மேஜைக்குப் போனோம். "பொருளெல்லாம் மூட்டையா வண்டியில எக்ஸிட் கேட்டுக்குப் போய்டுச்சு சார், அங்கதான் தருவாங்க" என்றார்கள். எக்ஸிட் கேட் மைதானத்தின் மறு கோடி. வெளியே போய்ச் சுற்றி வர வேண்டும்.

வெளியே வந்தோம். மைதானத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்திருந்தார்கள். அதை ஒட்டியே மண் பாதை, ஒரு பக்கம் ஜெனரேட்டர் வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. பாதி தூரம் போனபோது உள்ளே கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் மேடைக்கு வந்துவிட்டார். அக்கா ஓட ஆரம்பித்தாள். புதுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். எனக்கு அவளைக் கேலி செய்ய வாயே வரவில்லை.

ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவது தொடங்கியது. ஜெனரேட்டர் சத்தத்தைத் தாண்டி எனக்கே குரல் சரியாகக் கேட்கவில்லை, காற்று அடித்த பக்கம் போயிற்று. ஆனால் அடி கேட்டது. மூன்று தட்டு. நிறுத்தம். இரண்டு தட்டு.

நான் நின்றுவிட்டேன். அக்காவும் மூச்சு வாங்க நின்றாள். தகரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வலது காதை என் பக்கம் திருப்பினாள்.

"இன்னா பாட்டுடா பாட்றாரு?"

எக்ஸிட் கேட் இன்னும் கண்ணில்கூடப் படவில்லை. "ஏதோ புதுப் பாட்டுக்கா. நமக்குத் தெரியாதது. வா" என்றேன்.

அக்கா ஒரு நொடி என் முகத்தையே பார்த்தாள். பிறகு தகரத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

எக்ஸிட் கேட்டில் மூட்டைகள் மலைபோல் கிடந்தன. "கச்சேரி முடிஞ்சப்புறம் தான் தம்பி தெறப்போம்" என்றார் அங்கிருந்த பெரியவர். அக்கா டோக்கனை நீட்டி, "அண்ணா, டிக்கெட்டே அதுலதாண்ணா இருக்குது" என்று கத்தினாள். அந்தக் குரலில் அவர் பயந்துபோனாரா, இரங்கினாரா தெரியாது. ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துக் கொட்டினார். ஹெல்மெட், பாட்டில், யாரோ ஒருத்தரின் தயிர்சாதம். அக்கா போன் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

மறுபடி சுற்றி வந்து உள்ளே போனபோது எங்கள் நாற்காலிகளில் வேறு யாரோ இருந்தார்கள். சண்டை போட நேரமில்லை. இடது ஓரமாகவே நின்றோம். மேடை விளக்கில் அவர் விரல் அளவுக்குத் தெரிந்தார். குரல் மட்டும் பெரிதாக இருந்தது. அக்கா வலது காதை மேடைக்குக் கொடுத்து, கண்ணை மூடி நின்றாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அடுத்தது அதுதானே?"

"தெரிலக்கா."

நான்கு பாட்டு கேட்டோம். நாலாவது முடிந்ததும் எல்லா விளக்கும் எரிந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் வாசலை நோக்கித் திரும்பியது. அக்கா மட்டும் மேடையைப் பார்த்தபடியே நின்றாள்.

"பாடவே இல்லியேடா."

"மறந்துட்டாரு போலக்கா."

திரும்பி வந்த பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வழி நெடுக நான் ஒரு கேலிகூடப் பண்ணவில்லை. அதை வேண்டுமானால் அதிசயம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கள் காலை மாதனூரில் வழக்கம்போல் கம்பெனி பஸ் ஏறினோம். "இன்னாக்கா, கச்சேரி எப்டி?" என்று டிரைவர் கேட்டார். "சூப்பருண்ணா" என்றாள் அக்கா. அவளுக்காகவே அந்தப் பாட்டைப் போட்டுவிட்டார், பாவம்.

மூன்று தட்டு. நிறுத்தம். இரண்டு தட்டு.

அக்கா இந்தத் தடவை காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பவில்லை. ஜன்னலுக்குக் கீழே பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள். 

"நேத்து தகரத்துல வந்தது இதுதான?"

நான் தலையாட்டினேன்.

"கைக்கே தெரிஞ்சிதுடா. நீ இல்லன்னு சொன்னதும், சரி, எனக்குத்தான் தப்பா தோணுதுன்னு நெனச்சிட்டேன்."

"நீ அழுவியோன்னு தான்க்கா..."

"அழுதிருப்பேன்தான்" என்றாள். "ஆனா அங்கயே நின்னு, முடியற வரிக்கும் கைய வெச்சிருப்பேன் இல்ல."

 பாட்டு பாதியில் இருக்கும்போதே பஸ் கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டது. டிரைவர் வண்டியை நிறுத்தினார், பாட்டும் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். அக்கா தகரத்திலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கேட்டில் செக்யூரிட்டி அம்மா தட்டை நீட்டினார். எனக்கு முன்னால் நின்ற அக்காவின் கை பாதி வழி போய் நின்றது. போனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தட்டில் வைத்து, டோக்கனை வாங்கிக்கொண்டு, தையல் பிரிவை நோக்கி நடந்தாள். பின்னாலிருந்து "அக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. நான் நின்றது அவளுடைய இடது பக்கம்.